லீட், வெல், ரீசெட், ப்ரீயம், ஃபிட்வெல்: பசுமைச் சான்றிதழ்கள் உள்ளிருக்கும் காற்றை எவ்வளவு அளக்கின்றன?

அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழான லீட்டின் நான்காம் பதிப்பில் புதுக் கட்டடத்துக்கான மொத்தப் புள்ளிகள் 110. அதில் உள்ளரங்கச் சூழலுக்கு ஒதுக்கியிருப்பது 16. நாற்பது புள்ளிக்குச் சான்றிதழ், 50-க்கு சில்வர், 60-க்கு கோல்டு, 80-க்கு பிளாட்டினம். அந்த 16-ல் ஒன்றைக்கூடத் தொடாமல், கட்டாய நிபந்தனைகளை மட்டும் முடித்துவிட்டு, மிச்சமுள்ள 94-ஐ வைத்தே பிளாட்டினம் வாங்கக் கணக்கில் இடம் இருக்கிறது. நடைமுறையில் யாரும் அவ்வளவு தூரம் விடுவதில்லை. ஆனாலும் வாசலில் பதித்த பலகை உள்ளே இருக்கும் காற்றைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்று எடைபோட இந்தக் கணக்கு போதும்.

இங்கே ஐந்து சான்றிதழ்களையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறோம்: கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் காற்று, வெளிச்சம், ஒலி, வெப்பநிலை ஆகியவற்றை அந்தச் சான்றிதழ் நேரில் அளக்கிறதா? அளந்த பிறகும் கண்காணிக்கிறதா? ஆற்றல் சேமிப்பும் தண்ணீர்ச் சிக்கனமும் முக்கியம்தான். அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

லீட்

லீட்டை நடத்தும் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 1993-ல் உருவானது. லீட் நான்காம் பதிப்பு 2013-ல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2025-ல். இன்று சான்றிதழோடு நிற்கும் கட்டடங்களில் ஏராளமானவை நான்காம் பதிப்பிலோ 4.1-லோ வாங்கியவை என்பதால் அந்த விதிகளையே எடுத்துக்கொள்வோம். உள்ளரங்கச் சூழலில் இரண்டு கட்டாய நிபந்தனைகள். ஒன்று, அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 காற்றோட்டத் தரநிலைப்படியான குறைந்தபட்ச வெளிக்காற்று. மற்றொன்று புகைத்தடை: கட்டடத்துக்குள் புகைக்கக் கூடாது, வெளியிலும் வாசல், திறக்கும் ஜன்னல், காற்று உள்வாங்கும் துளை ஆகியவற்றிலிருந்து 25 அடிக்குள் கூடாது. இரண்டாவது நிபந்தனை எளிமையானது, பலனும் உறுதி. முதலாவதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

அலுவலகத்துக்கு 62.1 கேட்பது ஒரு நபருக்கு விநாடிக்கு 2.5 லிட்டர், அதோடு ஒரு சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். 1000 சதுர மீட்டர் தளத்தில் 100 பேர் உட்கார்ந்தால் 250-ம் 300-ம் சேர்ந்து 550 லிட்டர், ஆளுக்கு 5.5. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் விநாடிக்குச் சுமார் 0.005 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். ஆக, நாள் நடுவில் அறைக் காற்று வெளியை விட ஏறத்தாழ 900 பிபிஎம் (பத்து லட்சத்தில் 900 பங்கு) கூடுதலாகப் போய் நிற்கும். வெளியே 420 என்றால் உள்ளே 1300-ஐத் தாண்டும். இதில் விதி எதுவும் மீறப்படவில்லை, கட்டாய நிபந்தனை முழுதாக நிறைவேறியிருக்கிறது. மதியத்துக்கு மேல் கூட்ட அறையில் கண் சொக்குவதாகக் குடியிருப்பாளர் புகார் சொன்னால், "நம்மிடம் சான்றிதழ் இருக்கிறதே" என்பது அதற்குப் பதில் ஆகாது.

வெளிக்காற்றை 30 சதவீதம் கூட்டினால் லீட் கூடுதல் புள்ளி தரும். அதே தளத்தில் அது ஆளுக்கு 7.15 லிட்டர், உள்ளே 1100-க்கு மேல்தான் இருக்கும். 1000-க்குள் நிறுத்த ஆளுக்கு 8.6 லிட்டர், அதாவது தளத்துக்கு 860 லிட்டர் வேண்டும். வடிவமைப்புக் கூட்டத்தில் எச்விஏசி (காற்றோட்டம், குளிரூட்டல்) பொறியாளரிடம் "62.1-க்கு இணங்குகிறதா" என்று கேட்டால் "ஆம்" என்பார், அதுவும் உண்மைதான். "முழு ஆட்களும் இருக்கும்போது ஆளுக்கு எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வரும். ஒப்பந்தத்தில் எழுதலாம், பிறகு அளந்தும் பார்க்கலாம்.

அடுத்து ஃப்ளஷ் அவுட். வேலை முடிந்ததும், பெயிண்டிலிருந்தும் பசையிலிருந்தும் வரும் ஆவிகளை வெளிக்காற்றால் அடித்து வெளியேற்றுவது. ஒரு சதுர மீட்டருக்கு 4267 கன மீட்டர் வெளிக்காற்று, வெப்பநிலை 15-க்குக் குறையாமலும் 27 டிகிரிக்கு மேல் போகாமலும், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமலும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன தளத்தில் இதைச் செய்து பாருங்கள்: மொத்தம் 42.67 லட்சம் கன மீட்டர். வெளிக்காற்று மின்விசிறி விநாடிக்கு 550 லிட்டர், அதாவது மணிக்கு 1980 கன மீட்டர்தான் தரும். இரவு பகல் ஓட்டினாலும் ஏறத்தாழ 90 நாள். நான்கில் ஒரு பங்கை முடித்துவிட்டு ஆட்களைக் குடியேற்றி, மீதியை அப்புறம் தொடரலாம் என்று விதி சலுகை தருகிறது. அந்தக் கால் பங்குக்கே 22 நாளுக்கு மேல் ஆகும். குடியேறிய பின் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1.5 லிட்டர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தளத்துக்கு 1500 லிட்டர். மின்விசிறியிடம் இருப்பது 550.

இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிப் போடாததால் ஒப்படைக்கும் வாரத்தில் சிக்கல் வெடிக்கிறது. காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகளான டாம்பர்களை எல்லாம் திறந்துவிட்டு ஓட்டுவார்கள். குளிர்சுருளால் அவ்வளவு ஈரக் காற்றை உலர்த்த முடியாது. ஈரப்பதம் 70, 75-க்கு ஏறும். புது ஜிப்சம் பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஆவியைப் போக்கப்போய்ப் பூஞ்சையை வரவழைத்ததாகிவிடும். ஈரப்பதமான ஊர்களில் ஃப்ளஷ் அவுட் வேண்டாம், ஆய்வகச் சோதனை வழியே போங்கள் என்பதுதான் எங்கள் முடிவு. லீட் இரண்டில் எதையும் ஏற்கும்.

லீட்டில் உரிமையாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் கோர் அண்ட் ஷெல். இந்த வகையில் வாங்கிய சான்றிதழ் கட்டடத்தின் வெளிக்கூடு, பொது இடங்கள், மைய எந்திரங்கள் இவற்றை மட்டுமே பேசும். வாடகைக்கு வருபவர் தன் தளத்தில் எந்தப் பசையால் கார்ப்பெட் ஒட்டுகிறார், எந்த எம்டிஎஃப் பலகையால் அலமாரி அடிக்கிறார் என்பது அதில் வராது. அந்தத் தளத்துக் காற்றைத் தீர்மானிப்பதோ இவைதான். உள் அலங்கார விதிகளை வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்காத உரிமையாளர், சான்றிதழின் பாதிப் பலனைக் கைவிட்டதாகவே கொள்ளலாம்.

பொருள் தேர்வில் இன்னொரு பொறி. பெயிண்ட் டப்பாவில் "குறைந்த விஓசி" (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) என்று போட்டிருப்பது லிட்டருக்கு எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்ற அளவு. சுவரில் அடித்த பின் அறைக்குள் எவ்வளவு வெளிவருகிறது என்பது வேறு சோதனை. கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையின் சிடிபிஎச் செய்முறைதான் பொதுவாகப் பயன்படுகிறது. விற்பனையாளர் முதல் தாளைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார். கேட்க வேண்டியது உமிழ்வுச் சோதனை அறிக்கை. அதில் சிடிபிஎச் பதிப்பு எண்ணும், எந்த வகை அறைக்குக் கணக்கிட்டது என்பதும் இருக்க வேண்டும்.

2013-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்புத் தரவுகளிலிருந்து 144 கட்டடங்களை எடுத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் 65 லீட் பெற்றவை. உள்ளே வேலை செய்பவர்களின் மனநிறைவில் லீட் கட்டடத்துக்கும் மற்றவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரியவில்லை. லீட் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. உள்ளிருப்பவரின் அனுபவம் அதன் புள்ளிகளில் சிறு பங்குதான் என்பதோடு இந்த முடிவு ஒத்துப்போகிறது.

ஏற்கெனவே நடக்கும் கட்டடத்துக்கு லீட் 4.1 இயக்கப் பிரிவு மேலானது. உள்ளிருப்பவர்களிடம் கருத்துக்கணிப்பு கேட்கிறது. கார்பன் டை ஆக்சைடும் மொத்த விஓசியும் அளக்கச் சொல்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுக் கட்டடச் சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. வாங்கியோ வாடகைக்கோ எடுப்பவர்கள் பலகையில் உள்ள வருடத்தை முதலில் பாருங்கள்.

வெல்

2014-ல் வந்தது. இதன் பலம் நேரடிச் சோதனை: சோதனையாளர் கட்டடத்துக்கே வந்து காற்று, தண்ணீர், வெளிச்சம், ஒலி ஆகியவற்றை அளக்கிறார். அளவு மீறினால் கட்டாய நிபந்தனை விழும். வேறு இடத்துப் புள்ளியால் அதை ஈடுகட்ட முடியாது. வரம்புகள்: நுண்துகள் பிஎம் 2.5 கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், மரப்பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு 50. சான்றிதழ் மூன்று வருடம்.

ஃபார்மால்டிஹைடை வைத்தே சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அரைமணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ப்ரீயமும் அதையே பிடித்துக்கொள்கிறது. வெல்லின் ஆய்வக வழியில் 50. லீட் நான்கில் 27 பிபிபி (நூறு கோடியில் 27 பங்கு), அதாவது சுமார் 33 மைக்ரோகிராம், 4.1-ல் 20. ஒரே அறை 45 காட்டினால் ப்ரீயத்திலும் வெல்லிலும் தேறும், லீட்டின் இரண்டு பதிப்பிலும் தோற்கும். ஆனால் லீட்டில் இது விருப்பப் புள்ளி, தோற்றாலும் கோல்டு போகாது. வெல்லில் வரம்பு தளர்வு, ஆனால் விதிவிலக்கு இல்லை. கட்டாயமாக்கிய தளர்ந்த வரம்பு, தவிர்க்கக்கூடிய கடும் வரம்பை விட உள்ளிருப்பவரைக் காக்கும் என்பது எங்கள் கணிப்பு.

சோதனை நாளில் தவறு நடக்கும் வழிகள் தெரிந்தவைதான். மேசை நாற்காலிகள் வந்து சேரும் முன்பே மாதிரி எடுத்துவிடுவது முதலாவது. ஃபார்மால்டிஹைடின் பெரும்பங்கு அந்தப் பலகைகளிலிருந்தே வரும். காற்றைத் தணுப்பாக வைத்து அளப்பது இன்னொன்று. வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூட உமிழ்வு கூடும். 21 டிகிரியில் தேறிய அறை, வார இறுதியில் ஏசி நிறுத்தி 30 டிகிரிக்குப் போனால் வேறு எண் காட்டும். காற்று வரும் டிஃப்யூசருக்கு நேர்கீழே மாதிரி எடுக்கும் பம்பை வைப்பதும் உண்டு. ஃபார்மால்டிஹைடைப் பிடித்துவைக்கும் டிஎன்பிஎச் வேதிப்பொருள் பூசிய குழாயில் பிடித்து ஆய்வகத்தில் பகுப்பதுதான் நம்பகமான முறை. கையில் பிடிக்கும் மலிவு மீட்டர்கள் கைகழுவும் சானிடைசருக்கும் துள்ளும். வேலை நாளில், வேலை நேர வெப்பநிலையில், வழக்கமான காற்றோட்டத்தில், அறைகலன்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போது அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வெல்லின் குறை: உணவு, உடற்பயிற்சி, மனநலம் என்று விரிந்து கிடப்பதால், ஆவணங்கள் தயாரிக்க ஒரு தனி ஆளே வேண்டும். சொந்தமாக ஒரே நிறுவனம் புழங்கும் கட்டடத்துக்கு அது தாங்கும். பல வாடகைதாரர்கள் உள்ள கட்டடத்தில் உரிமையாளரின் கைக்குள் இல்லாத விஷயங்கள் நிறைய.

ரீசெட்

காற்றுக்கு மட்டும் என்றால் எங்கள் முதல் தேர்வு இதுதான். உள் அலங்காரத் தளங்களுக்கு ஏற்கத்தக்க வரம்பு: பிஎம் 2.5 கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழ், மொத்த விஓசி 500-க்குக் கீழ், கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம்முக்குக் கீழ். உயர்தர நிலைக்கு முறையே 12, 400, 600. தொடர் சென்சார்களை மாட்டி மூன்று மாதம் தரவு காட்டினால்தான் சான்றிதழ். பிறகும் தரவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காகிதத்தில் புள்ளி சேர்க்கும் வேலை கிடையாது. முன்பு சொன்ன 550 லிட்டர் தளம் இங்கே மாட்டிக்கொள்ளும்: பார்ப்பது நாளின் சராசரியை என்பதால் காலையும் உணவு இடைவேளையும் சற்றுக் கைகொடுக்கும், ஆனாலும் நிரம்பிய தளம் 1000-ஐத் தாண்டிவிடக்கூடும்.

இதில் எல்லாமே சென்சாரைப் பொறுத்தது என்பதால் அதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சார்களில் பெரும்பாலானவை தம் அடிப்படை அளவைத் தாமாகவே திருத்திக்கொள்ளும். சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று, அதாவது சுமார் 400 என்று எடுத்துக்கொள்ளும். இரவில் காலியாகும் அலுவலகத்தில் இது சரியாக வேலை செய்யும். இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் மருத்துவமனை, விடுதி, அழைப்பு மையம் போன்ற இடங்களில் காற்று 600-க்குக் கீழே இறங்குவதே இல்லை. சென்சாரோ அந்த 600-ஐ 400 என்று நம்பி, அதற்குப் பின் எல்லா அளவையும் 200 குறைத்துக் காட்டும். திரையில் 850, அறையில் 1050. அத்தகைய கட்டடங்களில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு குறிப்பு வாயுவை வைத்துக் கையால் திருத்தும் சென்சார் வாங்குங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளிக்காற்றைக் கூட்டிக் குறைக்கும் டிமாண்ட் கன்ட்ரோல் முறையில் இந்தச் சென்சாரே டாம்பரை இயக்குகிறது என்றால் பிழை நேராக மக்கள் மூச்சில் போய் முடியும்.

துகள் சென்சார்கள் ஒளிச்சிதறலால் எண்ணுபவை. ஈரப்பதம் மிகுந்தால் துகள் நீரால் ஊதி, எண் கூடிக் காட்டும். விஓசி சென்சார்கள் பெரும்பாலும் உலோக ஆக்சைடு வகை. துடைப்பான் திரவமோ வாசனைத் திரவியமோ ஆல்கஹாலோ எதற்கும் எகிறும். ஃபார்மால்டிஹைடு தனியாக எவ்வளவு என்று சொல்லாது. இரவு துப்புரவு முடிந்ததும் விஓசி வரைபடம் மலைபோல் எழுந்தால் சென்சார் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், துப்புரவுத் திரவத்தை மாற்றுங்கள். துப்புரவு முடிந்து ஒரு மணி நேரமாவது வெளிக்காற்று ஓடட்டும்.

மாட்டும் உயரம் தரையிலிருந்து 0.9 முதல் 1.8 மீட்டர், அதாவது மூச்சு விடும் மட்டம். ஜன்னல், டிஃப்யூசர், காற்றுச் சுத்திகரிப்பான் இவற்றிலிருந்து தள்ளி. திரும்பும் காற்றுக் குழாயில் ஒன்றை மாட்டிவிட்டு முழுத் தளத்துக்கும் அதுவே போதும் என்பது கூடாது: நிரம்பி வழியும் கூட்ட அறையின் காற்றும் காலி நடைபாதையின் காற்றும் கலந்து, ஒரு நல்ல எண் வரும்.

ப்ரீயம், ஃபிட்வெல்

ப்ரீயம் 1990-ல் பிரிட்டனில் தொடங்கியது, இந்தத் துறையில் மூத்தது. 30 சதவீதத்தில் தேர்ச்சி, 85-ல் அவுட்ஸ்டாண்டிங். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் தொடக்கத்திலிருந்தே கூட வருவதால் ஆவண ஒழுங்கு நன்று. காற்றைப் பொறுத்தவரை லீட்டைப் போலவே பெரிதும் வடிவமைப்புச் சார்ந்தது. ஃபிட்வெல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் அரசுக் கட்டடங்களைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏவும் சேர்ந்து உருவாக்கியது. ஒன்று முதல் மூன்று நட்சத்திரம். கட்டாய நிபந்தனைகள் இல்லாமல் அமைத்ததால் தொடங்குவது எளிது, பழைய கட்டடத்துக்கும் பொருந்தும். அதே காரணத்தால் காற்று மோசமாக இருக்கும் கட்டடமும் படிக்கட்டு, நடைபாதை, குடிநீர் என்று சேர்த்து நட்சத்திரம் வாங்கிவிட முடியும். முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.

புள்ளி வாங்கிய பின் கெடுவது

எம்இஆர்வி என்பது ஃபில்டர் துகளைப் பிடிக்கும் திறனின் எண். எம்இஆர்வி 13 ஃபில்டர் நல்ல முதலீடு: 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகளில் குறைந்தது பாதியைப் பிடிக்கும். ஆனால் அறையைக் குளிர்விக்கும் சிறிய ஃபேன் காயில் யூனிட்டில் எம்இஆர்வி 8-ஐக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் மின்விசிறிக்கு அந்த எதிர்ப்பைத் தள்ள வலு இருக்காது. காற்று குறையும், சுருள் உறையும், அறை சூடாகும், பராமரிப்பு ஆள் ஒருநாள் ஃபில்டரையே உருவிப் போட்டுவிடுவார். எம்இஆர்வி 13-ஐ வெளிக்காற்றைக் கொண்டுவரும் ஏஹெச்யூவிலும் (காற்று கையாளும் எந்திரம்) பெரிய எந்திரங்களிலும் போடுங்கள். சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போட்டும் பயனில்லை. காற்று சுலபமான வழியைத்தான் பிடிக்கும். கதவைத் திறந்து, விளிம்பில் கேஸ்கெட் இருக்கிறதா, ஃபில்டருக்குப் பின்புறத் தகட்டில் புழுதிக் கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு இருந்தால் கசிவு அங்கேதான். மாற்றும் நாளை நாட்காட்டியால் தீர்மானிக்காமல் அழுத்த வேறுபாட்டு மானியால் தீர்மானியுங்கள்.

வெளிக்காற்று டாம்பர் இன்னொரு நோயாளி. திரையில் 30 சதவீதம் திறந்ததாகக் காட்டும். மேலே போய்ப் பார்த்தால் இணைப்புக் கம்பி கழன்று தகடு மூடியே கிடக்கும். வருடத்துக்கு இருமுறையாவது முழுக்க மூடி, முழுக்க திறந்து, காற்றின் அளவு மாறுகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

லீட்டின் பகல் வெளிச்சப் புள்ளி கணினி மாதிரியில் கிடைப்பது. தளத்தின் 55 சதவீதப் பரப்பில், வருட வேலை நேரத்தில் பாதியாவது 300 லக்ஸ் வெளிச்சம் கிடைக்க வேண்டும். நேர் வெயில் 1000 லக்ஸைத் தாண்டி வருடத்துக்கு 250 மணி நேரத்துக்கு மேல் விழும் பரப்பு 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை மேசை அமைப்பு மாறிய பின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரைக்கு எதிரே வெயில் அடித்தால் ஊழியர் திரைச்சீலையை இறக்குவார், அது பிறகு ஏறாது, விளக்கு நாள் முழுதும் எரியும். ஒலியோ பெரும்பாலான சான்றிதழ்களில் ஒதுங்கியே நிற்கிறது. திறந்த தளம், மூடாத கூரை, கடினத் தரை என்று ஆற்றலுக்கும் அழகுக்கும் செய்பவை எல்லாம் பேச்சைத் தெறிக்க விடுகின்றன. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளுக்குத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்குங்கள்.

எதை வாங்குவது? முதலீட்டாளருக்கும் வங்கிக்கும் காட்ட லீட்டோ ப்ரீயமோ தேவைப்பட்டால் வாங்குங்கள், அதோடு ஆட்கள் அடர்ந்த தளங்களுக்கு ரீசெட்டைச் சேருங்கள். தானே குடியிருக்கும் நிறுவனம் என்றால் வெல். நிதி குறைவு என்றால் சான்றிதழை ஒத்திப்போட்டுவிட்டு, நல்ல சென்சார்களும் ஃபில்டரும் டாம்பர் பழுதுபார்ப்பும் முதலில்.

ஆலோசகருடன் ஒப்பந்தம் போடும்போது மூன்று வரிகளைச் சேர்க்க மறக்க வேண்டாம். கடைசித் தவணையைச் சான்றிதழ் கைக்கு வரும் நாளோடு கட்டாமல், குடியேறி மூன்று மாதத்துக்குப் பின் எடுக்கும் காற்றுச் சோதனையோடு கட்டுங்கள். சோதனை செய்பவர் ஆலோசகருக்குக் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. உரிமையாளர் நேரடியாக அமர்த்தட்டும். சென்சார்களின் மூலத் தரவு உரிமையாளர் பெயரில் உள்ள கணக்கில் சேர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கும் உரிமையோடு. ஆலோசகர் மாறினாலும் வருடக்கணக்கில் சேர்ந்த அளவீடு கட்டடத்தோடேயே இருக்கும்; அடுத்த புதுப்பித்தலுக்கு அந்தத் தரவு கட்டாயம் தேவைப்படும்.